அருவாளை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

மதுரையில் சினிமா பேசாத டீக்கடை கிடையாது. பேச்சு 'நம்ம ஊர்ப் படம்' என்று திரும்பியதும் வரிசை மாறாமல் மூன்று பெயர்கள் வரும்: பருத்திவீரன், சுப்ரமணியபுரம், ஆடுகளம். பெயர்களோடு தீர்ப்பும் வரும். "அதெல்லாம் க்ளாசிக்குண்ணே. 2007-லருந்து 2011 வரைக்கும்தான். அதோட சரி. இப்ப எவன் எடுக்குறான்?" இடையில் நீங்கள் 'கூழாங்கல்' என்றோ 'கடைசி விவசாயி' என்றோ வாயெடுத்தால் அதற்கும் பதில் கைவசம் இருக்கும்: "அது அவார்டு படம்ண்ணே."

'அவார்டு படம்' என்பது எங்கள் ஊரில் மரியாதையான வசை. நல்ல பையன்தான், ஆனால் பெண் கொடுக்க மாட்டோம் என்பது மாதிரி. டீக்கடையோடு இந்தப் பேச்சு நின்றால் வடையை முடித்துக்கொண்டு கிளம்பிவிடலாம். பட்டியல் போடும் பத்திரிகைகளும், யூடியூபில் மணிக்கணக்கில் பேசும் விமர்சகர்களும் இதையேதான் கொஞ்சம் நல்ல தமிழில் சொல்கிறார்கள். மதுரை தந்த நவீன செவ்வியல் படங்கள் அருவாளோடு வந்தவை, அருவாள் போனதும் செவ்வியலும் போயிற்று என்பதுதான் சாரம். இது தவறு என்பது என் கட்சி. முக்காலே மூணு வீசம் தவறு. மிச்சம் இருக்கிற ஒரு வீசத்தைப் போகிற போக்கில் ஒப்புக்கொள்கிறேன்.

முதல் வாதம், கூட்டம். 2008-ல் வந்த சுப்ரமணியபுரத்தை 15 ஆண்டு கழித்து 2023-ல் மறுபடி திரையிட்டபோதும் விசில் பறந்தது. கடைசி விவசாயியை 2022 பிப்ரவரியில் வந்தபோதே எவன் பார்த்தான்? எது க்ளாசிக் என்று ஜனங்களே சொல்லியாயிற்று என்கிறார்கள். கடைசி விவசாயிக்கு நான் போன காட்சியில் ஆட்களை விரல் விட்டு எண்ணலாம் என்பது உண்மைதான்.

ஆனால் கூட்டத்தை வைத்து க்ளாசிக்கை முடிவு செய்ய மதுரைக்காரனுக்கு மட்டும் உரிமை இல்லை. 1937-ல் வந்த 'சிந்தாமணி' ஒரே தியேட்டரில் ஓராண்டுக்கு மேல் ஓடியது. எம்.கே. தியாகராஜ பாகவதர் பாட்டுக்காகப் போனவர்களே திரும்பத் திரும்பப் போனார்கள். அந்த லாபத்தில் மதுரையில் ஒரு தியேட்டரையே கட்டி, படத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். ஒரு படம் தனக்குத்தானே கோயில் கட்டிக்கொண்ட கதை இது. இன்றைக்கு சிந்தாமணி தியேட்டர் என்றால் தெரிகிற பெரியவர்களில் எத்தனை பேர் சிந்தாமணி படத்தைப் பார்த்தவர்கள்? மறுபக்கம், எஸ். பாலசந்தர் இயக்கி 1954-ல் வந்த 'அந்த நாள்'. பாட்டே இல்லாத படம். வசூலில் தோற்றது. தமிழின் தலைசிறந்த படங்கள் என்று பேச ஆரம்பித்தால் இன்று அதைத் தொடாமல் போக முடியாது. 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' தியேட்டரில் தோற்றது. இப்போது அதைத் தோற்ற படம் என்று சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள்.

பொற்றாமரைக் குளத்துச் சங்கப் பலகைக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தகுதியான நூலுக்கு அந்தப் பலகை இடம் கொடுக்கும், தகுதியில்லாததைத் தள்ளிவிடும் என்பது கதை. எத்தனை பிரதி விற்றது என்று அது யாரையும் கேட்டதாக ஐதீகம் இல்லை.

கூழாங்கல் விஷயத்தில் இந்தக் கூட்ட வாதம் அநியாயமும்கூட. அது முறையாகத் தியேட்டருக்கே வரவில்லை. 2023 அக்டோபரில் நேரே ஓடிடிக்குப் போயிற்று. பந்தியில் இலையே போடாமல், இவன் சாப்பிடவில்லை என்று சொல்வதா?

இரண்டாவது வாதம், வெளியூர்ச் சான்றிதழ். அனுராக் காஷ்யப் தன் 'கேங்ஸ் ஆஃப் வாசேபூர்' படத்தின் தொடக்கத்திலேயே பாலா, அமீர், சசிகுமார் மூவரையும் மதுரை மும்மூர்த்திகளாக நிறுத்தி நன்றி சொன்னாரே, அது போதாதா என்பார்கள். நல்ல விஷயம், எனக்கும் பெருமைதான். ஆனால் பம்பாய்க்காரர் நன்றி சொன்னால் க்ளாசிக், ராட்டர்டாம் விழாக்காரர்கள் டைகர் விருது கொடுத்தால் 'அவார்டு படம்' என்பது எந்த ஊர்த் தராசு? கூழாங்கல் 2021-ல் அந்த விருதை வாங்கிய முதல் தமிழ்ப் படம். அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் போனதும் அதுதான்.

இன்னொன்றையும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். ஆடுகளம் வாங்கியது ஆறு தேசிய விருதுகள். பருத்திவீரனுக்காகப் பிரியாமணி சிறந்த நடிகைக்கான தேசிய விருது வாங்கினார். அப்படிப் பார்த்தால் இவையும் அவார்டு படங்கள்தான். ஆக, விருது இங்கே பிரச்சினையே கிடையாது. போஸ்டரில் தெரிந்த முகம் இருந்து விருது வாங்கினால் க்ளாசிக், 80 வயதைத் தாண்டிய விவசாயி முகம் இருந்தால் அவார்டு படம்.

மூன்றாவதுதான் முக்கியமான வாதம். 'மண்வாசனை'. அந்த மூன்று படங்களில் மதுரை அப்படியே இருக்கிறது என்கிறார்கள்.

எது அப்படியே இருக்கிறது? சென்னையில் முதன்முதலாக வீடு பார்க்கப் போனபோது வீட்டுக்காரர் ஊரைக் கேட்டார். சொன்னேன். "மதுரையா? அருவா எதுவும் எடுத்துட்டு வரலையே?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு எத்தனை பேர் அதே ஜோக்கைச் சொன்னார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை. சினிமா ஒரு ஊரை இப்படி ஒற்றைப் பொருளாகச் சுருக்கிவிட்டது. கார்த்திகேயன் தாமோதரன், ஹியூகோ கோரிஞ்ச் என்ற இரு ஆய்வாளர்கள் 2017-ல் இந்த வகைக்கு 'மதுரை ஃபார்முலா படங்கள்' என்று பெயர் வைத்து, அதில் ஓடும் சாதிப் பெருமையைப் பற்றி விரிவாக எழுதினார்கள். ஃபார்முலா என்று பெயர் வாங்கிய பிறகும் அதை மண்வாசனை என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அருவாள் பற்றித் தெரிய வேண்டுமென்றால் மானாமதுரை போகிற வழியில் திருப்பாச்சேத்தியில் இறங்குங்கள். உலைக்கு முன் உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள். பழைய லாரிப் பட்டையை வெட்டி, காய்ச்சி, அடித்து அவர் செய்கிற அருவாள் எங்கே போகிறது? தேங்காய் வெட்ட, கருவேலம் கழிக்க, கறிக்கடைக்கு. ஆள் உயரத்துக்கு அடிக்கிறது கருப்பசாமிக்கு நேர்த்திக்கடனாகப் போய்க் கோயில் வாசலில் நிற்கும். தலை சீவப் போவது அதில் எத்தனை? மண்வாசனைக்காரர்களின் படங்களில் அருவாள் உண்டு. அதை அடிக்கிறவன் எங்கே?

அதனால் எனக்கு நானே ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். எந்த மதுரைப் படமாக இருந்தாலும் மனதுக்குள் அதன் அருவாளைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்பது. மிஞ்சுவது இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் பார்க்கத் தாங்குமானால் அது செவ்வியல்.

சுப்ரமணியபுரம் தாங்குகிறது. நான் ஒப்புக்கொள்வதாகச் சொன்ன ஒரு வீசத்தில் பெரும்பங்கு இதுதான். ஆனால் ரசிகர்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல. பெல்பாட்டமும் தாடியும் 1980-ம் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. படம் சொல்வது வேறு. முன்னாள் கவுன்சிலர் வீட்டுக்காக ஒருவனை வெட்டிவிட்டு ஜெயிலுக்குப் போகிறார்கள் பையன்கள். வெட்டச் சொன்னவன் ஜாமீன் எடுக்க வரவில்லை. அந்தப் பையன்களில் ஒருவனான அழகரைக் காதலித்த பெண்ணே குடும்பத்துக்காக அவனைச் சாவுக்கு வரவழைக்கிறாள். கூடவே திரிந்த காசி, நண்பன் பரமனைக் காட்டிக்கொடுக்கிறான். அருவாளை எடுத்துவிட்டாலும் நம்பிக்கை துரோகத்தின் மூன்று அடுக்கு அப்படியே நிற்கும். அருவாள் தூக்கினவன் எவனும் உருப்படவில்லை என்று சொன்ன படத்தைப் பார்த்துவிட்டு, அருவாளுக்கு விசில் அடித்தது நம் கோளாறு.

ஆடுகளமும் தாங்குகிறது. திருப்பரங்குன்றத்துப் பக்கம் சேவல் விடுகிறவர்களின் கதை என்பது மேல்பூச்சு. உள்ளே இருப்பது சிஷ்யன் ஜெயித்ததைப் பொறுக்காத குருவின் வயிற்றெரிச்சல். அந்தக் குரு பேட்டைக்காரனாக நடித்த ஈழத்துக் கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலனின் கண்களில் அது புகைவதைப் பார்க்க எந்த ஆயுதமும் வேண்டாம். எந்த ஆபீசிலும், எந்தப் பட்டறையிலும், எந்தப் பல்கலைக்கழகத் துறையிலும் ஒரு பேட்டைக்காரன் இருக்கிறான்.

பருத்திவீரன் இந்தச் சோதனையில் தேறவில்லை. பிரியாமணியின் முத்தழகு தமிழ் சினிமாவில் அழியாத பெண். அதில் சந்தேகமில்லை. ஆனால் வீரன் செய்த வினைக்கு அந்தப் பெண்ணின் உடம்பில் தண்டனை எழுதுகிறது கடைசி அரைமணி நேரம். அவள் கதறக் கதற, நாம் அவனுக்காக அழ வேண்டும். 2007-ல் அதை 'துணிச்சலான க்ளைமாக்ஸ்' என்றோம். இன்று என் மகளோடு உட்கார்ந்து என்னால் அதைப் பார்க்க முடியாது. வன்முறை இருப்பதால் இதைச் சொல்லவில்லை. அந்த வன்முறை யாரைப் பற்றியது என்று படத்துக்கே தெரியாததால் சொல்கிறேன். ஒரு மகத்தான நடிப்பு, ஒரு நல்ல முதல்பாதி. இரண்டையும் கூட்டினால் செவ்வியல் வந்துவிடாது.

இந்த மூவர் வரிசையில் 'காதல்' ஏன் இல்லை என்று என்றாவது யோசித்தீர்களா? 2004-ல் பாலாஜி சக்திவேல் எடுத்த படம். மதுரையில் டூவீலர் பட்டறை வைத்திருக்கிற முருகன், பள்ளிக்கூடம் போகிற பணக்கார வீட்டுப் பெண். ஓடிப்போய்ச் சென்னையில் கல்யாணம் முடித்தவர்களைத் தேடி அவளுடைய சித்தப்பா வருகிறார். கத்தவில்லை, அடிக்கவில்லை. அன்பாகப் பேசுகிறார், ஊருக்குக் கூட்டிப்போகிறார். மதுரைப் படங்களிலேயே என்னைத் தூங்கவிடாமல் செய்தவர் அவர்தான். சாதி எங்கள் ஊரில் பெரும்பாலும் அப்படித்தான் வரும். மீசையை முறுக்கிக்கொண்டு வராது. "வாம்மா, பேசித் தீத்துக்கலாம்" என்று கார்க் கதவைத் திறந்துவிடும். காதல் அந்த வரிசையில் சேராததற்குக் காரணம், போஸ்டரில் போட அதில் அருவாள் இல்லை. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது அவார்டு படங்களுக்கு வருவோம். நான்காவது வாதம் இவற்றைப் பற்றியது: "படம் நகரவே மாட்டேங்குதுண்ணே."

கூழாங்கல் மொத்தமே 75 நிமிடம். அந்த நேரத்தில் நம் ஹீரோக்கள் இடைவேளையைக்கூட எட்டியிருக்க மாட்டார்கள். நகரவில்லை என்று சொல்கிறவர்கள் படத்தைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை, ஏனென்றால் அதில் நடப்பது நகர்வது ஒன்றுதான். குடிகாரக் கணபதி பள்ளிக்கூடத்திலிருந்து மகன் வேலுவை இழுத்துக்கொண்டு, கோபித்துக்கொண்டு போன மனைவியைக் கூட்டிவர மாமியார் ஊருக்குப் போகிறான். அவள் ஏற்கெனவே வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அங்கே அடிதடி. வீட்டுக்குப் போனதும் அம்மாவுக்கு என்ன நடக்கும் என்று பையனுக்குத் தெரியும். பஸ்ஸுக்கு வைத்திருந்த ரூபாய் நோட்டைக் கிழித்துப் போட்டுவிடுகிறான். இனி இரண்டு பேரும் வெயிலில் நடந்தே ஊர் போய்ச் சேர வேண்டும். ஒரு சிறுவன் தன் தாயின் உயிருக்கு வாங்கிக்கொடுத்த அவகாசம்தான் மீதிப் படம். தமிழில் இதைவிடப் பதற்றமான துரத்தல் காட்சியை நான் பார்த்ததில்லை, துரத்துகிறவனும் ஓடுகிறவனும் ஒரே பாதையில் ஒருவன் பின்னால் ஒருவன் நடக்கிறார்கள் என்றாலும்.

தாகத்துக்கு அந்தப் பையன் ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான். எச்சில் ஊறும், நாக்கு காயாது. மேலூர்ப் பக்கத்துக் கிழவிகளைக் கேட்டால் சொல்வார்கள், வெயிலில் நடக்கிறவர்களின் பழைய வைத்தியம். வீடு வந்ததும் அந்தக் கல்லைத் துப்பி ஓரிடத்தில் வைக்கிறான். அங்கே ஏற்கெனவே ஒரு குவியல் கிடக்கிறது. ஒரு வசனம் இல்லை, ஃப்ளாஷ்பேக் இல்லை. இந்த நடை எத்தனையாவது நடை என்று அந்தக் குவியல் சொல்லிவிடுகிறது. இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜ் மேலூர்ப் பகுதிக்காரர். புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்ட தன் தங்கை கைக்குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடந்து வந்ததிலிருந்து இந்தக் கதை பிறந்தது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 

படம் எடுத்தது அரிட்டாபட்டிப் பக்கம். மேலூரில் கல் என்றால் கோடி. 2012-ல் வெடித்த கிரானைட் விவகாரமும், அதை விசாரிக்க உயர்நீதிமன்றம் அதிகாரி உ. சகாயத்தை நியமித்ததும் நமக்குத் தெரிந்த கதை. 2024-ல் இதே அரிட்டாபட்டியைச் சுற்றி டங்ஸ்டன் எடுக்க ஏலம் விட்டார்கள். ஊர்கள் திரண்டு தெருவுக்கு வந்த பிறகு 2025 ஜனவரியில் அதை ரத்து செய்தார்கள். மலையையே அறுத்து விற்கிற சீமையில், வினோத்ராஜ் ஒரு பையன் வாயில் கிடக்கும் கல்லைக் காட்டினார். மண்வாசனை என்ற சொல்லுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

கடைசி விவசாயி உசிலம்பட்டிச் சீமையின் படம். இயக்குநர் எம். மணிகண்டனும் அந்தப் பக்கத்து ஆள். 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் வருமா என்று தலைமுறையாகக் காத்துக் கிடந்த பூமி அது. இடி விழுந்து ஊரின் பழைய மரம் கருகுகிறது. குலதெய்வத்துக்குப் பல வருடமாகச் சாமி கும்பிடவில்லை என்று ஊர் பயப்படுகிறது. கும்பிட வேண்டுமென்றால் புதுநெல் வேண்டும். நெல் விளைவிக்க ஊரில் மாயாண்டி என்ற கிழவரைத் தவிர ஆள் இல்லை. சூழ்நிலையை யோசித்துப் பாருங்கள்: ஒரு ஊர் முழுக்க, தங்கள் சாமிக்குப் படைக்க ஒரு கைப்பிடி நெல் இல்லாமல், காது மந்தமான ஒரு கிழவரை நம்பி நிற்கிறது.

வயலில் செத்துக் கிடந்த மயில்களை அவர் புதைக்கிறார். அவரே கொன்றார் என்று வழக்கு. கோர்ட்டில் நிற்கிறபோது தனக்கு என்ன ஆகும் என்ற கவலை அவருக்கு இல்லை. பயிருக்கு யார் தண்ணீர் பாய்ச்சுவது? அதுவும் உயிர்தானே என்பதுதான் அவருடைய ஒரே வாதம். மாஜிஸ்திரேட் அம்மாள் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு, இவர் உள்ளே இருக்கிறவரை நீ போய்ப் பயிரைப் பார்த்துக்கொள் என்கிறார். தமிழ் சினிமாவில் போலீஸ்காரர் செய்த வேலைகளில் நாற்றுக்குத் தண்ணீர் பாய்ச்சியது இதுதான் முதல் தடவையாக இருக்கும். நான் சிரித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் சிரிக்கவில்லை. "அவனுக்கு மடை மாத்தத் தெரியாதே, பயிர் செத்துப்போகுமேப்பா" என்றார். படம் அவருக்குப் படமாக இல்லை.

மாயாண்டியாக வந்த நல்லாண்டி நிஜமாகவே விவசாயி. படம் வெளிவருவதற்குள் இறந்துவிட்டார். 69-வது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாக கடைசி விவசாயியும், நடிப்புக்கான சிறப்புக் குறிப்பில் நல்லாண்டியும் இடம்பெற்றார்கள். வாங்கிக்கொள்ள அவர் இல்லை. விதை இல்லாத தக்காளியைக் கண்டு அவர் கடைக்காரரிடம் கொள்கிற ஆத்திரம் எந்த நடிப்புப் பள்ளியிலும் சொல்லித்தர முடியாதது. இந்தப் படத்தில் பிடுங்கி வைக்க அருவாளே இல்லை. என் சோதனைக்கு வேலையே வைக்கவில்லை.

கடைசியாக ஒரு வாதம் உண்டு. அது நேர்மையானது, அதனால் மதிப்போடு எடுத்துக்கொள்கிறேன். "நேற்று வந்த படத்தை எப்படி க்ளாசிக் என்பது? காலம் சொல்ல வேண்டாமா?" சொல்ல வேண்டும்தான். ஆனால் 2011-ல் வந்த படத்துக்கு மட்டும் காலம் எந்த வாசலில் வந்து சொல்லிவிட்டுப் போனது? தவிர, விதைநெல்லை யாரும் பத்து வருடம் கழித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. களத்திலேயே, அடித்த அன்றே, கையில் அள்ளிப் பார்த்து, எது திரட்சி எது பதர் என்று கண்டு தனியே கட்டி வைப்பார்கள். முளைக்கிறதா என்பது அடுத்த போகத்தில் தெரியும். தேர்வு இன்றைக்கே செய்தாக வேண்டும். செய்யாமல் விட்டால் விதையையும் அரைத்துத் தின்றுவிடுவோம். விமர்சகன் வேலையும் அதுதான்.

எல்லா அவார்டு படத்துக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. வினோத்ராஜே 2024-ல் எடுத்த 'கொட்டுக்காளி'யில் திரும்ப இடமில்லாத பாதையில் ஷேர் ஆட்டோவை உள்ளே உட்கார்ந்திருக்கிற நாயகி மீனாவோடு சேர்த்தே ஆண்கள் தூக்கித் திருப்பி வைக்கிற காட்சி ஒன்று போதும், ஆயிரம் பக்கம் எழுதியதற்குச் சமம். ஆனால் முழுப் படமும் அந்த உயரத்தில் நிற்கிறதா என்று எனக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது. தீர்ப்பை ஒத்திவைக்கிறேன்.

மற்றவற்றுக்குத் தீர்ப்பு இதோ. இந்த நூற்றாண்டில் மதுரையும் சுற்று வட்டாரமும் தந்த நவீன செவ்வியல் படங்கள் ஐந்து: காதல், சுப்ரமணியபுரம், ஆடுகளம், கூழாங்கல், கடைசி விவசாயி. பொற்காலம் 2011-ல் முடியவில்லை. ஐந்தில் இரண்டு அதற்குப் பிறகு வந்தவை, அவற்றில்தான் மண் அதிகம்.

ஒத்துக்கொள்ளாதவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மாசிக் களரிக்குக் குலதெய்வம் கும்பிட ஊருக்குப் போவீர்கள். ராத்திரி திரை கட்டிப் படம் போடுவதானால் இந்த ஒரு வருடம் கடைசி விவசாயியைப் போடச் சொல்லுங்கள். முன் வரிசையில் பாயை விரித்து உட்கார்ந்திருக்கிற கிழவர்கள் எந்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறார்கள் என்று கவனித்துவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகு டீக்கடையில் பேசிக்கொள்வோம்.